மேற்கு வரிசை

நீங்களே சொல்லுங்க டீச்சர். ரெண்டு வரிசையா இலை போட்டு ஆளுக உக்காந்திருக்கு. நீங்க பாயச வாளியோட வாறீக. கிழக்கு வரிசைக்கு மட்டும் ஊத்திட்டு, மேற்கு வரிசைப் பக்கம் திரும்பியும் பாக்காமப் போயிருவீகளா? மனசு வருமா? ஆங், தலையாட்டுறீகள்ல. பஸ்ஸுல பக்கத்துல உக்காந்த உங்களுக்கு இந்த நியாயம் புரியுது. என் வீட்ல ஒருத்தருக்கும் புரியல.

டீச்சர்னு எப்படிக் கண்டுபிடிச்சேன்னு பாக்குறீகளா? பையில செகப்பு மைப் பேனாவைக் குத்தி வச்சிருக்கீகளே. நகந்து உக்காருங்க, வெயிலு அடிக்குது உங்க பக்கம். நான் திருப்பாச்சேத்தியில எறங்கணும். இன்னும் திருப்புவனமே வரல, பேசிக்கிட்டே போலாம்.

என் பேரு பவுனுத்தாய். சோழவந்தான் பக்கம். கல்யாண வீடுகளுக்குப் பரிமாறப் போவேன். சமையல்காரவுக கூடவே பரிமாற ஆளு கூட்டிட்டுப் போவாக பாருங்க, அதுல நான்தான் மொத ஆளு. என் கையில கரண்டி இருந்தா ஒரு இலைக்குக் கூடக் கொறை இருக்காது. மாப்பிள்ளை வீட்டு ஆளுன்னு கூட ஒரு வடை போட மாட்டேன், தெரியாத ஆளுன்னு ஒரு வடை கொறைக்க மாட்டேன். பந்தியில வஞ்சனை பண்ணுனா அந்தப் பாவம் சும்மா விடாது டீச்சர். நான் அப்படி வளந்தவ.

இப்ப முழங்கால் வலி, பந்திக்கு நெறையப் போறதில்ல. வீட்டுக் கொல்லையில தொட்டி கட்டி வண்ணமீனு வளக்குறோம். வளக்குறோம்னா, என் மருமக பிருந்தா வளக்குறா, நான் பாத்துக்குவேன். தங்கமீனு. கண்ணாடித் தொட்டியில விட்டு அழகு பாப்பாகள்ல, அது. சாப்பிடுற மீனு இல்ல. அதனாலயே எனக்கு மொதல்ல அதுக மேல ஒட்டல. குழம்புக்கு ஆகாத மீனுக்கு எதுக்குடி இம்புட்டுச் சீராட்டுன்னு கேட்டேன். போகப் போகப் பழகிருச்சு. நான் கொல்லைப் பக்கம் போனாலே வாயைப் பொளந்துக்கிட்டு மேல வந்து நிக்கும். நம்மளத் தேடி ஒரு உசுரு வந்து நின்னா யாருக்குத்தான் சந்தோசமா இருக்காது?

பிருந்தா விலங்கியல் படிச்சவ. படிப்பு அப்படியே மண்டையில நிக்குது அவளுக்கு. ரெண்டு வருசம் முன்னாடி எங்கிட்டோ பயிற்சிக்குப் போயிட்டு, சுருள்பாசி வளக்கப் போறேன்னு வந்து நின்னா. பாசியை எவளாவது வளப்பாளா, அது தானா வந்து வழுக்கி விடும், நாம சொரண்டித்தான் எறியணும்னேன். இது அந்தப் பாசி இல்லையாம். தனியாத் தொட்டி கட்டி, தண்ணில உப்பும் சோடாவும் போட்டு வளக்குறது. பச்சைன்னா அப்படி ஒரு பச்சை. வெயில்ல நின்னு துழாவிக்கிட்டே இருக்கணும். அப்புறம் துணியில வடிகட்டணும். அதுக்கப்புறம் என்ன பண்ணுவாங்குறீக? என் ஓமப்பொடி அச்சுல போட்டுப் பிழிஞ்சு காயப் போடுவா! பித்தளை அச்சு டீச்சர், எங்கம்மா சீராக் குடுத்தது. கேட்டா, நூலு நூலா இருந்தாத்தான் சீக்கிரம் காயுமாம். அந்த அச்சை இனிமே நான் தொடுறதா இல்ல.

காஞ்சதைப் பொடிச்சுத் தீவனத்துல கலந்து தாய்மீனுக்குப் போட்டா நெறைய முட்டை வைக்கும், முட்டையும் வெள்ளை பூத்துக் கெட்டுப்போகாது, நல்லாப் பொரியும், குஞ்சும் தெம்பா நீந்தும். இப்படி அவ சொன்னா. சும்மா சொன்னா ஊரு நம்புமா?

பீர்முகம்மது அண்ணன்கிட்டப் போயி நின்னா. அவுகதான் எங்க பக்கம் வண்ணமீனு வளக்குறவுக சங்கத்துக்குத் தலைவரு. பெரிய பண்ணை. நல்ல மனுசன், ஆனா கண்ணால பாக்காம எதையும் நம்ப மாட்டாக. "காட்டு தாயி, பாப்போம். உன் வீட்லயே ரெண்டு வரிசையா மீனை விடு. ஒண்ணு போல மீனு, ஒண்ணு போல தண்ணி. ஒரு வரிசைக்குப் பாசியோட தீவனம், ஒரு வரிசைக்குப் பாசி இல்லாத தீவனம். மழை சீசன்ல முட்டை வைக்கும்போது வந்து பாக்குறேன். வித்தியாசம் தெரிஞ்சா சங்கத்துல இருக்குற பண்ணை பூராவும் உன்கிட்டத்தான் பாசிப்பொடி வாங்கும்"னாக.

இதுல இன்னொண்ணு இருக்கு. என் மகன் அழகுராசா திருப்பூர்ல பனியன் கம்பெனியில இருக்கான். இது நல்லா வந்துட்டா அவன் வேலையை விட்டுட்டு ஊருக்கு வந்துருவான், பாசித் தொட்டியை ரெண்டு பேரும் பெருசாப் போடுவாக. வரலேன்னா பிருந்தா இதை மூடிட்டுத் திருப்பூருக்குப் போயிருவா, அதே கம்பெனியில செக்கிங் வேலைக்கு. புருசனும் பொண்டாட்டியும் போன்லயே பேசி முடிச்சிட்டாக. என்னை யாரும் கேக்கல. எனக்கு அவ போகக் கூடாது டீச்சர். உள்ளதைச் சொல்றேன். அவ போயிட்டா அந்த வீட்ல நான் யாரு கூடப் பேசுறது? யாரு கூடச் சண்டை போடுறது, டிவி கூடவா? அதனால இந்தச் சோதனை நல்லா வரணும்னு அவளை விட நான்தான் வேண்டிக்கிட்டேன். ஜெனகை மாரியம்மனுக்கு மாவிளக்கு போடுறேன்னு கூட நேந்துக்கிட்டேன்.

சரின்னு ஆரம்பிச்சா. கொல்லையில கிழக்கால ஒரு வரிசைத் தொட்டி, மேற்கால ஒரு வரிசைத் தொட்டி, நடுவுல நடக்க வழி. பாத்ததுமே எனக்குப் பந்தி ஞாபகந்தான் வந்துச்சு. கிழக்கு வரிசைக்குப் பச்சை உருண்டை. தவிடு, கடலைப் புண்ணாக்கு, பாசிப்பொடி எல்லாம் போட்டு அவிச்சு, வாசமா. மேற்கு வரிசைக்கு வெறும் தவிடும் புண்ணாக்கும். ரெண்டும் ஒரே நேரத்துல போடுவா. கிழக்குல இருக்குறதுக சளக் சளக்குன்னு அடிச்சுக்கிட்டுத் திங்குதுக. மேற்குல இருக்குறதுக தின்னுட்டு, மறுபடி மேல வந்து வாயைத் தொறந்து மூடிக்கிட்டு நிக்குதுக. "இன்னும் ஏதோ வரும்"னு நிக்குது டீச்சர்! நான் எத்தனை பந்தி பாத்திருக்கேன், அந்த முழி எனக்குத் தெரியாதா?

கொஞ்ச நாளு பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தேன். அப்புறம் முடியல. அவ தீவனத்தைப் போட்டுட்டுப் பாசித் தொட்டியைத் துழாவப் போயிருவா, நான் பைய மேற்கு வரிசைப் பக்கம் போவேன். ஒரு தொட்டிக்கு ஒரு கை பாசிப்பொடி, தாராளமாவே போடுவேன். தின்னுட்டு அதுக வாலை ஆட்டிக்கிட்டுப் போறதைப் பாக்கணுமே.

கிழக்கு வரிசைக்குன்னு அவ அளந்து வச்ச டப்பாவுல கை வச்சேன்னு நெனச்சுராதீக. அது திருட்டு. ஒரு இலையில இருந்து எடுத்து இன்னொரு இலைக்கு வைக்க மாட்டேன். அவ தனியா ஒரு எவர்சில்வர் டப்பா வச்சிருந்தா, அவளுக்குன்னு. ரத்தம் கொறைச்சலா இருக்குன்னு டாக்டரம்மா சொன்னாகளாம், அதனால அந்தப் பாசிப்பொடியை மோருல கலந்து குடிப்பா. மனுசிக்கு எதுக்கு மீன் சாப்பாடு? அதுல இருந்துதான் எடுத்தேன். "என்ன அத்தை, இது சீக்கிரம் சீக்கிரம் தீருது"ன்னு ஒரு நாள் கேட்டா. நீ அள்ளி அள்ளிப் போட்டுக்குறன்னுட்டேன். பாவம், அவளும் அதுக்கப்புறம் குடிக்கிறதைக் கொறைச்சுக்கிட்டா. சொன்னா கேட்டுக்குவா, அந்த விசயத்துல கொறை சொல்ல மாட்டேன்.

மழை எறங்குச்சு. தண்ணி குளுந்துச்சு. ஆம்பள மீனெல்லாம் பொம்பள மீனைத் தொரத்துது, தண்ணி தெறிக்குது. நைலான் கயித்தைப் பிரிச்சுத் தொங்கவிட்டு வைப்போம், அதுலதான் முட்டை ஒட்டும். காலையில போயிக் கயித்தைத் தூக்குனா ரவையை அப்புன மாதிரி முட்டை. கிழக்குலயும் அப்படி. மேற்குலயும் அப்படி. எந்தக் கயிறும் சோடை போகல. வெள்ளை பூத்த முட்டையைத் தேடித்தான் எடுக்கணும். குஞ்சு பொரிஞ்சு வந்துச்சு பாருங்க, ரெண்டு பக்கமும் ஊசி ஊசியா, தண்ணியே அசையுது. நான் பூரிச்சுப் போயிட்டேன். ரெண்டு பந்தியும் வயிறு நெறைஞ்சு எந்திரிச்ச மாதிரி இருந்துச்சு எனக்கு.

பீர்முகம்மது அண்ணன் வந்தாக. கயித்தைத் தூக்கிப் பாத்தாக, குஞ்சை வெள்ளைக் கிண்ணத்துல அள்ளிப் பாத்தாக. இங்கிட்டு வாறாக, அங்கிட்டுப் போறாக. கடைசியா நெத்தியைச் சொறிஞ்சுக்கிட்டு, "நல்லாத்தான் இருக்கு தாயி. ஆனா ரெண்டும் ஒண்ணாத்தானே இருக்கு. பாசி போடாத வரிசையே இப்படி வந்திருக்குன்னா, அப்புறம் பாசி எதுக்கு? உங்க கிணத்துத் தண்ணிதான் ராசி போல"ன்னாக. என்கிட்டத் திரும்பி, "பவுனு, உங்க கிணத்துத் தண்ணி லாரியில கெடைக்குமா?"ன்னு வேற கேட்டாக.

எனக்குப் பெருமை தாங்கல. எங்க மாமனாரு வெட்டுன கிணறாச்சே! எம்புட்டு வேணும்னாலும் எடுத்துக்கங்கண்ணேன்னேன். பிருந்தாவுக்கு மொகம் அப்படியே தொங்கிப் போச்சு. கூடக் கூட்டியாந்த குஞ்சைக் காணாத கோழி மாதிரி நிக்குறா. எல்லா மீனும் நல்லா இருக்கேடி, எதுக்குடி இந்த மொகம்னேன். காபி போடப் போறேன்னு உள்ள போயிட்டா.

அழகுராசா போன் பண்ணுனான். "சரி விடு, முயற்சி பண்ணுன, வரல. மூடிட்டுக் கெளம்பி வா. வேலைக்குச் சொல்லி வச்சிருக்கேன்." அவளும் சரின்னுட்டா. மாரியம்மாளை நல்லாத் திட்டுனேன் டீச்சர். ரெண்டு வரிசையும் நல்லா வச்சுட்டு, மருமகளை மட்டும் எதுக்குடி பறிச்சிட்டுப் போறன்னு கேட்டேன். மாவிளக்கு கெடையாதுன்னு சொல்லிட்டேன்.

தொட்டியெல்லாம் கழுவி வச்சுட்டுப் போறேன்னு எறங்குனா. குழாயைப் போட்டு அடி அழுக்கை உறிஞ்சு வெளிய விடுவா. கிழக்கு வரிசையில பச்சையா வந்துச்சு. வரத்தான செய்யும், தின்னது பச்சை. அப்புறம் மேற்கு வரிசைக்கு வந்தா. குழாயைப் போட்டா. அதுலயும் பச்சை. அடுத்த தொட்டி, அதுலயும் பச்சை. குழாயைக் கையில பிடிச்சுக்கிட்டு அப்படியே நிக்குறா, தண்ணி அவ காலு மேல ஓடுது, நகரல.

"அத்தை"ன்னா.

"என்னடி?"

"மேற்கு வரிசைக்கு நீங்க ஏதாச்சும் போட்டீங்களா?"

"போட்டேன். பாசிதான் போட்டேன். தெனமும்தான் போட்டேன்." எனக்கு ஒளிச்சுப் பேசத் தெரியாது. யாரும் கேக்கல, அதனால சொல்லல.

தொட்டிச் சுவத்துல உக்காந்துட்டா. மொதல்ல சிரிச்சா. சிரிச்சுக்கிட்டே இருக்கும்போது அழுகையாயிருச்சு. எனக்கு ஒண்ணும் புரியல. "ஏன் அத்தை? ஏன் போட்டீங்க?"ன்னு அதையே கேக்குறா.

"வாயைத் தொறந்துக்கிட்டு நிக்குதுக, பாத்துக்கிட்டுச் சும்மா இருக்கச் சொல்றியா?"

"பட்டினியா போட்டேன்? அதுகளுக்கும் வயிறு நெறையத் தவிடும் புண்ணாக்கும் போட்டேன்ல?"

"பக்கத்து இலைக்குக் கறி வச்சுட்டு, இந்த இலைக்கு வெறுஞ்சோறு வச்சா அதுக்குப் பேரு என்னடி?"

அதுக்கு அவ சொல்றா, "நம்ம வீட்ல நான் அதைத்தான் அத்தை சாப்பிடுறேன்."

இதென்ன பேச்சு டீச்சர்? நான் மீனைப் பத்திப் பேசிக்கிட்டு இருக்கேன், இவ எங்கிட்டோ போறா. வீட்ல ஒரு வழக்கம் இருக்குல்ல. அழகுராசா எப்பவாச்சும் வாறவன், அவனுக்கு மீனுல நடுத்துண்டு வைக்கணும். விருந்தாளி வந்தா அவுகளுக்கு வைக்கணும். எனக்கு முள்ளு இல்லாததா வேணும், வயசாச்சு. அப்புறம் மிச்சம் இருக்குறதை அவ சாப்பிடுவா. சில நாளு கொழம்பு மட்டும் இருக்கும். நானும் மருமகளா இருந்தப்ப அப்படித்தான் சாப்பிட்டேன். இதுல என்ன வஞ்சனை இருக்கு? ஏன் சன்னல் பக்கம் திரும்பிச் சிரிக்கிறீக?

அப்புறம் அவளே மொகத்தைக் கழுவிட்டு வந்து பொறுமையா எடுத்துச் சொன்னா. வித்தியாசம் தெரியணுமாம். பாசி தின்னது நல்லா இருக்கணும், திங்காதது கொஞ்சம் சுமாரா இருக்கணும், அப்பத்தான் பாசியாலதான் நல்லா இருக்குன்னு ஊரு ஒத்துக்குமாம். எனக்குப் புரியாம இல்ல. ஆனா ஒண்ணை வாட விட்டுத்தான் இன்னொண்ணோட அருமையைக் காட்டணுமா? ரெண்டையும் நல்லா வச்சுக் காட்டுனா ஆகாதா? கேட்டா தலையில அடிச்சுக்கிட்டா.

பீர்முகம்மது அண்ணன்கிட்டப் போயி நடந்ததைச் சொன்னா. அவுக விழுந்து விழுந்து சிரிச்சாகளாம். "பரிமாறுன கை சும்மா இருக்குமா தாயி? போகட்டும், இன்னும் குளிரு இருக்கு. இன்னொரு தடவை பண்ணிப் பாரு. இதான் கடைசி. ஆனா பவுனு வீட்ல வேண்டாம்"னாக. என்னை நல்லவன்னு சொல்றாகளா, கெட்டவன்னு சொல்றாகளா? பந்தியில மொத ஆளா நின்னவளை இப்ப மீன் தொட்டிப் பக்கமே வராதங்குறாக. இதான் டீச்சர் என் மனசுல கெடந்து உறுத்துது.

அதனாலதான் அவ அம்மா வீட்ல தொட்டி வச்சிருக்கா, திருப்பாச்சேத்தியில. இந்தத் தடவையும் சோதனை நல்லா வரலேன்னா அவ திருப்பூருக்கு வந்தே ஆகணும்னு அழகுராசாவும் சொல்லிட்டான். கெளம்பும்போது என்னை மாரியம்மன் கோயில்ல சூடத்தை அணைச்சுச் சத்தியம் பண்ணச் சொன்னா. இனிமே எந்த வரிசைக்கும் பாசி போட மாட்டேன்னு. பண்ணுனேன். சத்தியம் பண்ணுனா மீற மாட்டேன்.

அவ போயி மாசம் ஒண்ணாகப் போகுது. தெனமும் போன் பண்ணுவா. "நீங்க அலையாதீங்க அத்தை, பஸ்ஸுல கூட்டம், முழங்கால் வலிக்கும், வராதீங்க, சீசன் முடிஞ்சதும் நானே வந்துருவேன்"னு ஒவ்வொரு தடவையும் சொல்லுவா. என் மேல அம்புட்டு அக்கறை. நேத்து வைகைப் பாலத்துக்கிட்ட விரால் வித்தாக. வாங்கிக் கொழம்பு வச்சேன். வச்சுட்டு, எனக்கே தெரியாம நடுத்துண்டை எடுத்துக் கிண்ணத்துல போட்டு மூடி வச்சிருக்கேன். அழகுராசா வரல, விருந்தாளி யாரும் இல்ல. யாருக்கு எடுத்து வச்சேன்? கொஞ்ச நேரம் கழிச்சுத்தான் அவ வீட்ல இல்லேன்னு உறைச்சுச்சு. கொழம்பு எறங்கல டீச்சர். காலையில எந்திரிச்சு மொத பஸ்ஸுல ஏறிட்டேன். போறேன்னு அவகிட்டச் சொல்லல. திடீர்னு போயி நின்னா சந்தோசப்படுவா.

அங்கயும் ரெண்டு வரிசைதான் வச்சிருக்காளாம். அதுல பாசி இல்லாத வரிசை பாவம், ஒரு மாசமா என்ன கதியில கெடக்கோ. ஆனா நான் சத்தியம் பண்ணிருக்கேன்ல, பாசியைக் கையால தொட மாட்டேன். அதுக்கு நான் ஒரு வழி யோசிச்சிட்டேன். இந்தத் தூக்குச்சட்டியில என்ன இருக்குன்னு நெனைக்கிறீக? கூனிப்பொடி! குட்டி இறாலைக் காய வச்சு விப்பாகள்ல, அதை வறுத்து இடிச்சிருக்கேன். கூடவே அவிச்ச முட்டை மஞ்சக்கரு உதுத்துப் போட்டிருக்கேன். பாசி ஒரு துளி கெடையாது. அவ பாசிக்கணக்குல இது வரவே வராது. சத்தியமும் மீறல, அந்த வாயில்லா சீவனுக்கும் கொறை இல்ல. பாசி தின்ன மீனுக்கு ஒரு இம்மி கொறையாம முட்டை வைக்கும் பாருங்க. எப்படி என் யோசனை?

என்ன டீச்சர்? நம்பரா? என் மருமக நம்பரா? எதுக்கு, உங்க பள்ளிக்கூடத்துல வைக்கத் தங்கமீனு வேணுமா? தாராளமா. நல்ல நிறமாப் பாத்துக் குடுப்பா, நான் சொன்னேன்னு சொல்லுங்க. இந்தாங்க, எனக்கு எழுத்துக்கூட்டிப் பாக்க நேரமாகும், நீங்களே இந்தப் போன்ல பாத்துக்கங்க. ரெண்டாவதா இருக்குறது அவதான். மொதல்ல இருக்குறது அழகுராசா. எடுத்துக்கிட்டீகளா?

அந்தா, திருப்பாச்சேத்தி வளைவு வந்துருச்சு. கண்டக்டர் தம்பி, நிப்பாட்டச் சொல்லு, முழங்கால் வலிக்காரி, பையத்தான் எறங்குவேன். அந்தத் தூக்குச்சட்டியை எடுங்க டீச்சர். குடுங்க. ஏன் பிடிச்சுக்கிட்டே இருக்கீக, விடுங்க, சிந்திரப் போகுது.

என்ன, இப்பவே போனை அடிக்கிறீக? அவசரமா என்ன? நான் இன்னும் எறங்கவே இல்லையே.